அழகர் மலையில் இல்லாத நாளில் ஒரு மொட்டை

மே 5, திங்கள்

சர்வே பிராக்டிகல் தேர்வு முடிந்தது. மூன்றாம் ஆண்டுப் பையன் எவனோ இரண்டாம் மாடியிலிருந்து எடுத்த படம் டிபார்ட்மென்ட் குரூப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மைதானத்தில் தியோடலைட், அதன் பின்னால் குனிந்து நிற்கும் நான், உச்சி வெயில். கருவியைவிட என் தலைதான் பளிச்சென்று இருக்கிறது. கீழே, 'புது பெஞ்ச்மார்க், தூரத்திலிருந்தும் தெரியும்' என்று எழுதியிருக்கிறான். உயரம் அளக்க அசையாத ஒரு புள்ளியை அடையாளம் வைத்துக்கொள்வோமே, அது. இன்டர்னல் மார்க்கில் கை வைக்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பாடம் புரிந்திருக்கிறது பயலுக்கு. விட்டுவிட்டேன்.

சிரித்துக்கொண்டேதான் அறைக்கு வந்தேன். வந்து கண்ணாடியைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. முப்பத்திரண்டு வயது. போன மாதம் திருமங்கலத்தில் பெண் பார்க்கப் போனபோது பெண்ணின் தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க வாங்க, மாப்பிள்ளை பின்னாடி வர்றாரா?" என்று கேட்டார். அம்மா கீழே குனிந்துகொண்டாள். காபி வரும் முன்பே முடிவு தெரிந்துவிட்டது.

மே 8, வியாழன்

முடிவு செய்துவிட்டேன். கே.கே.நகரில் ஒரு கிளினிக். பின்மண்டையிலிருந்து முடியை வேரோடு எடுத்து முன்னால் நடுவார்களாம். நாற்று நடவு மாதிரிதான். பதினான்காம் தேதி.

பரீத்திடம் மட்டும் சொன்னேன். மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட், நான் தங்கியிருக்கும் மாடிக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. "செய் பாண்டி. ஆனா தலையை முழுசா வழிச்சிருவாய்ங்களே, வீட்டுல என்ன சொல்லுவ?" என்றான். அம்மாவிடம் உண்மையைச் சொல்ல முடியாது. சாமி கொடுத்த தலையில் ஊசி குத்தவா படிக்க வைத்தேன் என்பாள். அதைவிட, அந்தத் திருமங்கலத்துத் தாத்தாவுக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிடும். அதுதான் வெட்கம்.

பரீத்தே வழியும் சொன்னான். "எங்க அத்தா மக்காவுக்கு உம்ரா போய்ட்டு மொட்டையோடதான் வந்தாரு. ஒரு ஆளு ஏன்னு கேக்கல. சாமிக்குக் குடுத்தேன்னு சொன்னா உங்காளுகளும் கேக்கமாட்டாய்ங்க."

நல்ல யோசனை.

மே 14, புதன்

எட்டு மணி நேரம்.

டாக்டர் மார்க்கர் பேனாவால் நெற்றியில் ஒரு கோடு போட்டார். கண்ணாடியில் காட்டி "ஓகேவா?" என்றார். அந்தக் கோட்டைப் பார்த்ததும் இருபது வயது அருண்பாண்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனது போல இருந்தது. தலையைச் சுற்றி மரத்துப்போகும் ஊசிகள். முதல் நாலு ஊசிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அப்புறம் தலையே என்னுடையதாக இல்லை. குப்புறப் படுக்கவைத்தார்கள். முகத்துக்கு ஒரு ஓட்டை. எட்டு மணி நேரத்தில் பாதி நேரம் நான் பார்த்தது தரையில் ஒரு டைல்ஸ் விரிசல்.

டாக்டர் முடியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நடுவது நான்கு பெண்கள். வாய்க்கு மாஸ்க், கண்ணுக்கு லென்ஸ், பேச்செல்லாம் சீரியல் கதை. இரண்டாயிரத்து எண்ணூறு வேர். ஒவ்வொன்றாக எண்ணித்தான் வைத்தார்கள்.

வெளியே வந்து கண்ணாடியில் பார்த்தேன். ஐயோ. இதுவா? முன்னந்தலை முழுக்கச் சிவப்புப் புள்ளி, பின்மண்டை முழுக்கச் சிவப்புப் புள்ளி. வேர்க்குரு என்று சொன்னால்கூட வேர்க்குரு கோபித்துக்கொள்ளும். பத்து நாள் தலையில் கை படக்கூடாது, வெயில் கூடாது, தூசி கூடாது, உட்கார்ந்தபடிதான் தூங்க வேண்டும், மணிக்கொரு தடவை உப்புத்தண்ணீர் ஸ்ப்ரே. "பத்து நாள் இது கைக்குழந்தை சார்" என்றாள் ஒரு பெண்.

மே 15, வியாழன்

அம்மா வீடியோ கால் பண்ணினாள். கட் பண்ணினேன். மறுபடி. மறுபடி. நாலாவது முறை சாதாரணமாகக் கூப்பிட்டாள். முகத்தைக் காட்டமாட்டேன் என்றால் கிளம்பி வந்துவிடுவாள், சமயநல்லூரிலிருந்து ஒத்தக்கடைக்கு இரண்டு பஸ். அதனால் நானே சொல்லிவிட்டேன், மொட்டை போட்டிருக்கிறேன் என்று.

அம்மாவின் குரல் மாறிவிட்டது. "யாருக்குடா என்ன ஆச்சு?"

சாவுக்கும் மொட்டை போடுவோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா. அழகர்கோவில்ல முடி குடுத்தேன். வேண்டுதல்."

"அழகர்தான் மதுரையில இருக்காரே. நாளைக்குத்தானடா மலைக்குத் திரும்புறாரு. ஆளில்லாத வீட்டுல போயி யாருக்குக் குடுத்த?"

பரீத்துக்கு இது தெரியாது. மதுரையில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிய வேண்டாமா? சித்திரைத் திருவிழாவுக்கு ஆற்றில் இறங்கிய அழகரைப் பார்க்க ஊரே திரண்டு கிடக்கிறது, நான் அவர் மலையில் இருப்பதாகப் பொய் சொல்கிறேன். சட்டென்று, "கருப்பனுக்கும்மா. பதினெட்டாம்படியான் வாசல்ல" என்றேன். காவல்தெய்வம், அவர் மலையை விட்டு எங்கும் போகமாட்டார்.

"என்ன வேண்டுதல்?"

யோசிக்க நேரம் இல்லை. வாயில் வந்தது: "திவ்யாவுக்காக."

தங்கச்சிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. அண்ணன் வேண்டிக்கொள்ள மாட்டானா? நம்பும்படியான பொய்தான்.

அம்மா அழுதாள். "சரிப்பா. நீ வேற ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குப் புரிஞ்சிருச்சு" என்று வைத்துவிட்டாள்.

என்ன புரிந்தது? எதுவோ. தப்பித்தேன்.

மே 16, வெள்ளி

பரீத் பிரியாணி கொண்டுவந்தான். தலையைக் குனியாமல் பிரியாணி சாப்பிடுவது தனிக் கலை.

மே 17, சனி

எழுதணும்.

வலி மாத்திரை போட்டுவிட்டு மதியம் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருக்கிறேன். பரீத் சாப்பாடு கொண்டுவருவான் என்று கதவைத் தாழிடவில்லை. தூக்கத்தில் தலை குளுகுளுவென்று இருந்தது. சுகமாகக்கூட இருந்தது. வாசனை வந்தது. என்ன வாசனை இது என்று கண்ணைத் திறந்தால் அம்மா நிற்கிறாள். மடியில் எவர்சில்வர் டப்பா. கை நிறையச் சந்தனம். அழுத்தி அழுத்தி, முன்னிருந்து பின்னால், என் தலையில் பூசிக்கொண்டிருக்கிறாள்.

நான் கத்திய கத்தலில் கீழ்வீட்டு ஆட்கள் மேலே ஓடிவந்துவிட்டார்கள்.

"எதுக்குடா கத்துற? சந்தனம் தடவாம வந்து உக்காந்திருக்க. அந்த நாசுவன் கையில கத்தி பிடிச்சானா, முள்ளுக் கரண்டி பிடிச்சானா? தலை பூரா பொத்தலா கெடக்கு. குளுர்ச்சியா இருக்கட்டும்னு காலையில அழகர்கோவில் போயி, கருப்பன் கதவுல சாத்துறதுக்கு அரைச்ச சந்தனத்துலயே கேட்டு வாங்கிட்டு வாரேன்..."

கன்னத்தில் வழிந்த சந்தனத்தைத் தொட்டுப் பார்த்தேன். அதில் முடி இருந்தது. வேரோடு. ஒன்று, இரண்டு, ஏழு.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கிளினிக், ஊசி, நடவு, பொய். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப நேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கருப்பன் வாசல்ல பொய் சொல்லக் கொலைகாரனே பயப்படுவான். நீ பயப்படலையேடா. அவன்தான் என் கையில வந்து ஒன் தலையைத் தடவிட்டுப் போயிருக்கான்."

அப்புறம்தான் அவள் திடுக்கிட்டு எழுந்தாள். "அப்ப... திவ்யா?"

"அவளுக்கென்ன?"

"உண்டாகியிருக்கான்னு நெனச்சேன்டா! வேண்டுனது நடந்தாத்தானே முடி எறக்குவாங்க? நடக்காம எவனாச்சும் போயி எறக்குவானா? மூணு மாசம் வெளிய சொல்லக் கூடாதுன்னு ஒங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கான்னு..."

"யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

"ராமக்காகிட்ட. வாடிப்பட்டிக்குப் போன் போட்டு. அன்னைக்கே."

ராமக்காள் திவ்யாவின் மாமியார்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த வழக்கம்தானே இது? அப்பா பிழைத்து எழுந்ததற்கு, நான் பாஸானதற்கு, எல்லாம் நடந்த பிறகுதானே முடி இறக்கினோம்? எனக்கு ஏன் தோன்றவில்லை? பரீத் சொன்னதை அப்படியே வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். படிச்ச முட்டாள்.

பரீத் பைக்கில் கிளினிக் போனேன். டாக்டர் தலையைப் பார்த்துவிட்டு மாஸ்க்கைக் கழற்றினார். "ஒன்பது வருஷ சர்வீஸ். வேப்பெண்ணெய் பார்த்திருக்கேன், வெங்காயச் சாறு பார்த்திருக்கேன். சந்தனம் இப்பத்தான் சார்." கழுவினார்கள். துணியில் ஒட்டி வந்ததை அந்தப் பெண் எண்ணவில்லை. நானும் கேட்கவில்லை.

திவ்யாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மெசேஜ் வந்தது: 'அம்மா சொன்னாங்க. இப்ப பேச முடியாது. அத்தை பக்கத்துல இருக்காங்க.'

மே 18, ஞாயிறு

திவ்யா கூப்பிட்டாள். மாடியில் துணி காயப்போடும் சாக்கில். நாலு நிமிடம்.

நான்தான் பேச ஆரம்பித்தேன். தப்பு, மன்னிச்சிரு, நானே ராமக்கா அத்தைக்கு போன் போட்டு... அவள் குறுக்கே விழுந்தாள்.

"அண்ணே, நான் இல்லைன்னுதான் சொன்னேன். முதல்லயே சொன்னேன். சிரிச்சாங்க. மூணு மாசம் வரைக்கும் அப்படித்தான் சொல்லணும்னு அவங்களே சொல்லிக்குடுத்தாங்க."

"ரெண்டாவது தடவை சொல்ல வேண்டியதுதானே?"

காற்றில் துணி படபடக்கும் சத்தம்.

"ரெண்டாவது தடவை சொல்லலண்ணே. மறுநாள் மத்தியானம் என்னைய உக்காரச் சொல்லிட்டு, அத்தை எனக்குச் சோறு போட்டாங்க. மீன் துண்டை முள் பார்த்து எடுத்து வச்சாங்க. ஆறு வருஷத்துல நான் உக்காந்து அவங்க போட்டதில்ல. சாப்பிட்டு முடிச்சதும் சொல்லிரலாம்னு நெனச்சேன். அப்புறம் ராத்திரிச் சாப்பாடு வந்துச்சு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நேத்து நான் தூரமாயிட்டேண்ணே. யாருக்கும் தெரியாது. மறைச்சுக்கிட்டுத் திரியிறேன். எத்தனை நாளைக்கு மறைக்க? நீ வந்து சொல்லு. நீ ஆரம்பிச்சது."

மாதவிலக்கை ஒரு தங்கச்சி அண்ணனிடம் வாய்விட்டுச் சொல்கிற குடும்பம் இல்லை எங்களுடையது. சொல்லவைத்துவிட்டேன்.

நான் என்னத்தப் பண்ணித் தொலைச்சேன்?

மே 19, திங்கள்

காய்ச்சல். நெற்றிக்கு மேலே இரண்டு இடத்தில் சீழ். ஊசி போட்டார்கள், மாத்திரையை மாற்றினார்கள். வெளியே போகவே கூடாது என்றார் டாக்டர். சரி என்றேன்.

மே 20, செவ்வாய்

போனேன்.

கிளினிக்கில் கொடுத்த தொளதொளத் தொப்பி. வாடிப்பட்டி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். கிருமிநாசினி நாற்றம், அதற்குள் சந்தன வாசனை. இன்னும் போகவில்லை.

ராமக்காள் அத்தை வாசலிலேயே வரவேற்றார். "வாங்க தம்பி, வாங்க. தங்கச்சிக்காகத் தலையைக் குடுத்த புள்ள." நாற்காலி போட்டார். திவ்யாவின் கணவர் அழகுராஜா மோட்டார் ரூமிலிருந்து ஈரக் காலோடு வந்தார். திவ்யா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். கையில் பாதாம் பருப்புக் கிண்ணம். அதை அவள் சாப்பிடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. தொப்பியைக் கழற்றினேன்.

"ஆத்தீ" என்றார் அத்தை. "என்ன தம்பி, கோழி கொத்துன மாதிரி கெடக்கு!"

"இது மொட்டை இல்ல அத்தை. முடி நட்ட தலை. சொட்டையை மறைக்க ஆஸ்பத்திரியில பண்ணிக்கிட்டேன். அம்மாகிட்ட மறைக்கிறதுக்காக வேண்டுதல்னு பொய் சொன்னேன். திவ்யா எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. அவ உண்டாகல. தப்பெல்லாம் என்னோடது."

என்னைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார்.

"ஒரு மயிருக்காகவாடா?" என்றார். மரியாதை போய்விட்டது. போக வேண்டியதுதான். "ஒரு மயிருக்காகவா என் வீட்டுக்குள்ள வந்து வெளயாடுனீக? ஊரு பூரா சொல்லிட்டேனேடா. என் மக அஸ்வினிகிட்ட, எங்க மாயக்கா மயினிகிட்ட, பால்காரன்கிட்ட கூடச் சொல்லிட்டேனே."

அழுவார் என்று நினைத்தேன். அவர் திவ்யாவின் பக்கம் திரும்பினார்.

"இவன் பொய் சொன்னான், சரி. நீ ஏன்டி நாலு நாளா வாயத் தெறக்கல?"

திவ்யா கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். "நாலு நாள்தானே அத்தை" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. அவ்வளவுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு அத்தை பேசியதை இங்கே எழுதப்போவதில்லை. அந்த ஒரு சொல்லையும் சொன்னார், பிள்ளை இல்லாத பெண்ணைச் சொல்கிற சொல். ஒரு தடவை இல்லை. நான் அழகுராஜாவைப் பார்த்தேன். அவர் ஈரக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திவ்யா உள்ளே போய் இரண்டு பையோடு வந்தாள். யாரும் தடுக்கவில்லை.

பஸ்ஸில், ஏதாவது பேச வேண்டுமே என்று, "வேற டாக்டரைப் பார்ப்போம் திவ்யா. மதுரையில நல்ல..." என்று ஆரம்பித்தேன். அவள் சிரித்துவிட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

"பார்க்க வேண்டியது என்னைய இல்லண்ணே. எனக்கு ஒண்ணும் இல்ல. நாலு வருசத்துக்கு முன்னாடியே தெரியும். குறை அவருகிட்டதான். வெளிய சொல்லாதன்னு கையப் புடிச்சு அழுதாரு."

நாலு வருஷம். அந்தச் சொல்லை நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டு, பதில் தெரிந்தும், வாயை மூடிக்கொண்டு. இறங்கித் திரும்பிப் போய் அந்த ஆளின் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்தேவிட்டேன். கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நீ ஒரு பொய் சொன்னதே போதும். இந்த உண்மையையாவது வாய்க்குள்ள வச்சிரு."

மே 24, சனி

தலையில் கை வைக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். வைக்கத் தோன்றவில்லை.

ஜூன் 19, வியாழன்

காலேஜ் திறந்துவிட்டது. இன்று தலை துவட்டினால் துண்டு நிறைய முடி. நட்டது எல்லாம். எல்லாமே! ஈரத் துண்டோடு கிளினிக்குக்கு ஓடினேன். ரிசப்ஷன் பெண் பதறவே இல்லை. "ஷாக் லாஸ் சார். நட்ட முடி எல்லாருக்கும் ஒரு தடவை கொட்டும். வேர் உள்ள இருக்கும், நாலாவது மாசம் முளைக்கும். பேப்பர்ல போட்டிருக்கே, கையெழுத்துப் போட்டீங்களே." படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று பையன்களுக்கு வருஷா வருஷம் சொல்கிறவன் நான்.

முளைக்குமா என்று கேட்டேன். சீழ் பிடித்த இடமும், விரல் பட்ட இடமும் சந்தேகம் என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

சமயநல்லூர் போயிருந்தேன். திவ்யா பக்கத்து மெட்ரிக் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள், யு.கே.ஜி. வகுப்பு. முப்பத்தாறு பிள்ளைகள். "எல்லாம் மூக்கொழுகி" என்றாள். அழகுராஜா ஒரு தடவைகூட வரவில்லையாம். போன் பண்ணுவாராம், ஒன்றும் பேசாமல் இருப்பாராம். இவளும் பேசாமல் இருப்பாளாம். பேலன்ஸ் தீர்கிற காலமாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அம்மா என் தலையைப் பார்ப்பதே இல்லை. பேசும்போது சட்டைப் பட்டனைப் பார்த்துப் பேசுகிறாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

திவ்யாவின் நாத்தனார் அஸ்வினி உண்டாகியிருக்கிறாளாம். திவ்யாவுக்கு யாரும் சொல்லவில்லை. வாட்ஸப் ஸ்டேட்டஸ் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள். வாழ்த்து அனுப்பினாளாம். பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மை வந்ததாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலேஜ் கேட்டில் அழகுராஜா நின்றார்.

நான் பார்க்காதது போலப் போயிருப்பேன். ஆனால் ஆள் இளைத்திருந்தார். மேலூர் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்தோம். டீ ஆறி ஆடை கட்டியது. இருவருமே குடிக்கவில்லை.

"மச்சான், தலையைக் காட்டுங்க" என்றார்.

என்ன ஆள் இவர் என்று எரிச்சல்தான் வந்தது. தொப்பியை எடுத்தேன். எட்டிப் பார்த்தார், கேலியாக இல்லை.

"அன்னைக்கு எங்க வீட்டுல இதை எடுத்தப்ப எப்படி இருந்துச்சு?"

"செத்துரலாம்னு இருந்துச்சு மாப்ள."

"எடுத்ததுக்கப்புறம்?"

யோசித்தேன். "அத்தை ஏசுனாங்க. ஏசுனது கேட்டுச்சு. அம்புட்டுத்தான். சாகல."

நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை. அவரே தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "திவ்யா உங்ககிட்ட சொல்லியிருக்கும்." நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "சொட்டைன்னா ஊரே பாக்குது மச்சான், மறைக்க முடியாது. என்னோடது யாருக்கும் தெரியாதுல்ல. அதான் மறைச்சுக்கிட்டேன். அவளைக் காட்டி மறைச்சுக்கிட்டேன்."

சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று மே மாதம் நினைத்த கை மேசை மேலேயே கிடந்தது. திருமங்கலத்துத் தாத்தா ஒரு வார்த்தை சொன்னதற்கு நான் தலையையே குத்திக்கொண்டவன். இவரை எந்த வாயால் கேட்பேன்? ஆனால் மன்னிக்கவும் இல்லை. எழுதிவைக்கிறேன், மன்னிக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ராமக்காள் அத்தை திவ்யாவைக் கூப்பிட்டார். "பஸ் ஏறி வா" என்று மூன்றே வார்த்தை, வைத்துவிட்டார். திவ்யா ஒரு பையை எடுத்துக்கொண்டு போனாள். இன்னொரு பையை அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். வேலையை விடவில்லை. அங்கிருந்து பஸ்ஸில் வந்து போவாளாம்.

அக்டோபர் 19, ஞாயிறு

முளைக்கிறது! முன்னந்தலை முழுக்கப் பூனைமுடி. நடுவே மட்டும் நாலு வரி காலி. முன்னிருந்து பின்னால், வாய்க்கால் வெட்டியது போல நேராக. அம்மாவின் நாலு விரல்.

இன்னொரு தடவை உட்கார்ந்தால் நிரப்பிவிடலாம் என்றார் டாக்டர். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

அஸ்வினிக்கு வளைகாப்பு. ராமக்காள் அத்தை வீட்டு முன்னால் பந்தல். அம்மா வரமாட்டேன் என்றாள். திவ்யா போன் பண்ணி, "நீ வராட்டி எனக்கு யாரு இருக்கா" என்றதும் கிளம்பினாள்.

ஆண்களுக்கு முதல் பந்தியைப் பந்தலின் ஓரத்திலேயே போட்டுவிட்டார்கள். நான் இலையில் உட்கார்ந்திருந்தேன். அழகுராஜா சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்தார். பத்தடி தள்ளிப் பெண்கள் கூட்டம், நடுவில் அஸ்வினி. தட்டில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல். திவ்யா தண்ணீர்க் குடத்துப் பக்கம் நின்றாள், டம்ளர் கழுவிக்கொண்டு. இந்த மாதிரி விசேஷங்களில் அவள் நிற்கிற இடம் அதுதான். அவளாகவே போய் நின்றுகொள்வாள். யாரும் சொல்லும் முன்பே.

"திவ்யா, வா. முதல் வளையல் நீ போடு" என்றார் அத்தை.

திவ்யா திரும்பிப் பார்த்தாள். தன்னைத்தானா என்று.

கூட்டத்தில் வயதில் மூத்தவர் மாயக்காள். அத்தைக்கு மயினி, அண்ணி முறை. அவர் தணிந்த குரலில்தான் சொன்னார், ஆனால் எங்களுக்கும் கேட்டது: "புள்ள பெத்தவளாக் கூப்புடு ராமக்கா. முத வளையலு."

"பெறாதது அவ குத்தமில்ல மயினி." அத்தை குரலைத் தணிக்கவில்லை. "குறை என் மகன்கிட்ட. ஆறு வருசமா அந்தப் புள்ளயத்தான் நான் வஞ்சேன். டாக்டர் சீட்டு பீரோவுல இருக்கு, பாக்கணும்னா எடுத்தாரேன்."

ஒலிபெருக்கிக்காரன்கூடப் பாட்டை நிறுத்திவிட்டான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் வரிசையில் உட்கார்ந்திருந்த பதினைந்து ஆண்களும் ஒரே நேரத்தில் அழகுராஜாவைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும்தான். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அவர் தன் அம்மாவிடம் சொல்லியிருப்பார் என்று, அத்தை திவ்யாவைத் திரும்பக் கூப்பிட்டபோதே ஊகித்திருந்தேன். அத்தை ஊர் கேட்கச் சொல்வார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

திவ்யா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நடந்தாள். அந்தப் பத்தடியை அவள் நடந்து முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. அஸ்வினி தானாகக் கையை நீட்டினாள்.

அழகுராஜா வாளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் ஒரு இலை தள்ளி என் முன்னால் வந்து நின்றார். கரண்டி வாளியின் விளிம்பில் இடித்துச் சத்தம் போட்டது.

"மச்சான், சாம்பார் ஊத்தவா?"

"ஊத்துங்க மாப்ள" என்றேன்.

ஊற்றினார். அடுத்த இலைக்கும் ஊற்றினார். வரிசை முடியும் வரை ஒருவரையும் விடவில்லை.